சேதமும் நஷ்டமும்

பலா பழுக்கும் மாதங்களில் நீலகிரிச் சரிவுகளில், பர்லியார், குஞ்சப்பனைப் பக்கம், யானைகள் மேலேறி வருகின்றன. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் வீட்டு வாசல் வரைக்கும் வருவதுண்டு. பழத்தைத் தின்கின்றன, கிளையை ஒடிக்கின்றன, சில சமயம் பட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் போகின்றன. விடிந்ததும் வீட்டுக்காரர் இவ்வளவையும் ‘சேதம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார். எனக்குச் சந்தேகம் இந்தச் சொல்லின் மீதுதான்.

பழம் போனதில் மரத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இரவெல்லாம் மணம் வீசுவது யாரையோ வரவழைக்கத்தானே? யானை விழுங்கிய பலாக்கொட்டை சாணத்தோடு வேறிடத்தில் விழுந்து முளைக்கிறது. நாமோ கொட்டையையும் சுட்டுத் தின்றுவிடுகிறோம். விருந்தாளி யார், திருடன் யார் என்பதை மரத்தின் பக்கமிருந்து கேட்டால் பதில் நமக்குச் சௌகரியமாக இராது.

பட்டை உரிவது வேறு விஷயம். இலை சமைத்த உணவு வேருக்கு இறங்கும் வழி அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. சுற்றளவு முழுக்க உரிந்துவிட்டால் வேர் பட்டினியில் சாகும். அதற்குள் மாதக்கணக்கில் இலைகள் பச்சையாகவே நின்று நம்மை ஏமாற்றும். ஒரு பக்கம் மட்டும் உரிந்திருந்தால் பலா பிழைத்துக்கொள்ளக் கூடும். தென்னைக்கு இந்தச் சலுகை கிடையாது. குருத்துப் போனால் மரமே போயிற்று. அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வன ஆராய்ச்சியாளர் 1970களில் சொன்னது: மரத்தின் காயம் நம் காயம் போல் ஆறுவதில்லை, மரம் அதைச் சுற்றி உள்ளே சுவர் எழுப்பிக்கொண்டு, புதிதாக வளர்ந்து மேலே செல்கிறது.

ஆக, மனிதனின் நஷ்டம் ஒன்று, மரத்தின் ஊறு வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்கும்போது யானை குற்றவாளியாகிவிடுகிறது. குற்றவாளி என்று ஆனபின் தண்டனையும் வேண்டியிருக்கிறது. மசினகுடியில் 2021 ஜனவரியில், விடுதி ஒன்றின் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள். அந்த மாதமே அது இறந்தது. 1977 முதல் சட்டத்தின் உச்சபட்சப் பாதுகாப்புப் பெற்ற பிராணி அது.

யானையைத் தண்டிக்க முடியாத இடத்தில் தண்டனை மரத்தின் மேல் விழுகிறது. “மரம் இருந்தால்தானே வரும்” என்று அடியோடு வெட்டுகிறார்கள். இதைத் தவறென்று சொல்லும் யோக்யதை டவுனில் மாடியில் குடியிருக்கும் எனக்குக் கிடையாது. இருட்டில் குழந்தையைக் கொல்லைப்புறம் அழைத்துப் போக வேண்டியவருக்கு என் தத்துவம் காவல் நிற்காது. ஆனால் வெட்டியதற்கு உயிர்ப் பயம் காரணமென்றால் அதை உயிர்ப் பயம் என்றே சொல்ல வேண்டும். சேதமான மரத்தைத்தான் அகற்றினேன் என்று சொல்லும்போது, யானை பாதி செய்ததை முழுதாகச் செய்து முடித்தவர் யார் என்ற கேள்வி மறைந்துபோகிறது.

வங்கியில் கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். எல்லாம் ஒரே பேரேட்டில் நேராக வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. இங்கே பேரேடுகள் மூன்று: வீட்டுக்காரருடையது, மரத்துடையது, யானையுடையது. ஒன்றின் பற்றை இன்னொன்றின் வரவில் நேர் செய்ய முடியாது. அரசாங்கம் தரும் நஷ்ட ஈடு முதல் பேரேட்டை மட்டுமே தொடுகிறது. அது நியாயமானதுதான், தாமதமில்லாமல் கிடைக்கவும் வேண்டும். இரண்டாவது பேரேட்டுக்குப் பணம் உதவாது. பிய்ந்து தொங்கும் பட்டை விளிம்பைச் சீராக நறுக்கிவிட்டு ஓரிரு மழைக்காலம் பொறுத்திருப்பதுதான் அதற்குச் செய்யக்கூடியது.

பழுக்குமுன் காயாகவே இறக்கிவிடுங்கள் என்று வனத்துறையார் சொல்வதை வெறும் யுக்தியாக நான் நினைக்கவில்லை. மரம் விடுத்த அழைப்பை அதன் சார்பில் நாம் திரும்பப் பெறுகிறோம். மரம் நிற்கிறது, யானை வேறு வழி போகிறது, நமக்குப் பழம் இல்லை, காய் உண்டு. மூவரும் ஏதோ கொஞ்சம் இழக்கிறார்கள். ஒருவர் மட்டும் எதையும் இழக்காத ஏற்பாட்டை நியாயம் என்று அழைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.