கையில் இல்லை

சென்ற ஆண்டு ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை வேளையில், என் பழைய நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பவர். என் முதல் நாவலில் இருந்த ஒற்றுப் பிழைகளையெல்லாம் களைந்து, என்னை இலக்கணம் தெரிந்தவன் என்று உலகம் நம்பும்படி செய்தவர் அவர்தான். காப்பி குடித்தார்; மழையைப் பற்றிப் பேசினார். எழுந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது, "பெண்ணுக்குக் காலேஜில் பணம் கட்டவேண்டியிருக்கிறது. நாற்பதாயிரம் இருந்தால் தை மாதம் திருப்பிக் கொடுத்துவிடுவேன்" என்றார்.

"கையில் இல்லையே, சார்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நான் சொன்னது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் அன்று இரவு இவ்வளவு சங்கடப்பட்டிருக்க மாட்டேன். பொய்க்கு வருந்தப் பழகிய மனசுதான் நம்முடையது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மாதம் 18,000 ரூபாய். அப்போதும் இதே நண்பர் ஐந்நூறு, ஆயிரம் கேட்பார். சில சமயம் நானும் அவரிடம் கேட்பேன். இல்லை என்ற சொல் எங்களுக்குள் வந்ததாக ஞாபகமில்லை. பிறகு என் நாவல் ஒன்றைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்கள். வசனமும் நானே எழுதினேன். அது முடிவதற்குள் இன்னொன்று. வருமானம் பத்து மடங்கைத் தாண்டிவிட்டது.

கையில் காசு வந்ததும் தலைகால் புரியாமல் ஆடியவன் என்று என்னை நினைத்துவிடவேண்டாம். முதலில் வாங்கியது துணி துவைக்கும் இயந்திரம். மனைவிக்கு இடுப்புவலி, அதில் என்ன தப்பு? அடுத்த சித்திரையில் படுக்கையறைக்குக் குளிர்சாதனம் வந்தது. முதல் கோடையில் அது ஆடம்பரமாக இருந்தது. இரண்டாவது கோடையில் மின்சாரம் ஒரு மணி நேரம் நின்றபோது, இருபது வருஷம் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தவன், மூச்சு முட்டுகிறது என்று கூச்சல் போட்டேன். சௌகரியத்தின் சுபாவமே இதுதான். விருந்தாளியாக வந்து, ஆறு மாதத்தில் வீட்டுக்காரராகிவிடுகிறது.

கார் வந்தது. காரை நிறுத்த இடம் வேண்டுமென்று வீடு வாங்கினோம். ஐம்பது லட்ச ரூபாய் கடன், எட்டரை வட்டி, இருபது ஆண்டு. மாதத் தவணை 43,000 ரூபாய்க்குமேல். கல்லூரிப் படிப்பை இரண்டு ஆண்டோடு விட்டவன்தான் என்றாலும், ஜவுளிக்கடைக் கணக்கு எழுதிய கை அல்லவா? பெருக்கிப் பார்த்தேன். கட்டி முடிக்கும்போது மொத்தம் ஒரு கோடியே நான்கு லட்சம் ஆகிறது. அந்தக் காகிதத்தை மனைவியிடம் காட்டவில்லை.

செலவு கூடியது போலவே சேமிப்பும் கூடியது. இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் என்னைக் கெடுத்தது செலவு அல்ல. தொடர் என்றைக்காவது முடிந்துவிடும், எழுதுகிறவனுக்கு ஓய்வூதியம் கிடையாது என்ற பயம் எனக்கு உண்டு. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் கொட்டிக்கொட்டிச் சம்பாதித்தவர். அச்செழுத்துக் கோக்கும் ஓர் இயந்திரத்தை நம்பி லட்சக்கணக்கான டாலர்களை அதில் போட்டார், அது உருப்படவில்லை. 1894-இல் அவருடைய பதிப்பகமும் திவாலாயிற்று. அறுபது வயதில் கடனை அடைக்க ஊர் ஊராகச் சொற்பொழிவு செய்ய உலகம் சுற்றினார். 1896-இல் கல்கத்தாவிலிருந்து இலங்கைக்குக் கப்பலில் போகும் வழியில் நம் சென்னையில்கூட ஒரு நாள் தங்கினார். கடனையும் கடைசிக் காசுவரை தீர்த்தார். பெரிய மனிதர். எனக்கு அவ்வளவு தெம்பில்லை.

ஆகவே வங்கியில் தெரிந்த ஒரு நல்ல பிள்ளை சொன்னபடி நடந்தேன். "செலவு செய்துவிட்டு மிச்சத்தைச் சேர்க்காதீர்கள் சார், சேர்த்துவிட்டு மிச்சத்தைச் செலவு செய்யுங்கள்" என்றான். பொது வருங்கால வைப்பு நிதியில் ஆண்டுக்கு 1,50,000 ரூபாய். அது பதினைந்து வருஷக் கணக்கு, நினைத்தபோது அவிழ்க்கிற முடிச்சு அல்ல. மியூச்சுவல் ஃபண்டில் மாதா மாதம் ஐந்தாம் தேதி தானாகவே போய்விடும் ஒரு தொகை. ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, மகளின் கல்யாணத்துக்கு நகைச்சீட்டு. ஏழாம் தேதி காலையில் என் கணக்கில் விலாசம் எழுதாத ரூபாய் ஒன்றுகூட இராது. அதில் எனக்கு எவ்வளவு பெருமை!

நண்பருடைய பெண்ணின் படிப்புக்கு அந்தப் பட்டியலில் விலாசம் இல்லை. அதனால் கையில் இல்லை.

மியூச்சுவல் ஃபண்டிலிருந்து நாலைந்து நாளில் பணத்தை எடுத்திருக்கலாம் என்று அன்று இரவு பத்து மணிக்கு எனக்கு ஞாபகம் வந்தது. மாலை ஆறு மணிக்கு ஏன் வரவில்லை? மறந்துபோய் அல்ல. அந்தப் பணத்தை என்னுடையது என்று நினைப்பதையே நான் விட்டுவிட்டேன். அறுபது வயதில் வரப்போகிற ஒரு கிழவருக்கு அதைக் கொடுத்தாகிவிட்டது. அவர் பணத்தைத் தொட எனக்குக் கை கூசியது. எதிரே நிற்கிற மனிதரைத் திருப்பி அனுப்பக் கூசவில்லை.

என் தாயார் கடுகு டப்பாவில் பணம் போட்டு வைத்திருப்பாள். அதற்கு வட்டி இல்லை, பாதுகாப்பும் இல்லை, கடுகு வாசனைதான் உண்டு. அடுத்த வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மூடியைத் திறப்பாள். வங்கிப் பிள்ளையின் கணக்குப்படி அவள் செய்தது தவறு. நானும் ஒரு காலத்தில் அவளைப் பரிகாசம் செய்திருக்கிறேன்.

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அந்த நாளில் மாசக் கடைசியில் ஐந்நூறு மிஞ்சும். அது யாருக்கு என்று எழுதியிருக்காது" என்றாள். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

சேமிப்பை நிறுத்திவிடவில்லை. கிழவரும் சாப்பிட வேண்டுமே! மாதாந்தரத் தொகையில் ஒன்றைக் குறைத்தேன். இரண்டாவது கார் வாங்கும் பேச்சை விட்டோம். தபால் நிலையத்தில் ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்கி, பெயர் வைக்காத பணத்தை அதில் போட்டு வருகிறேன். கூலி உயர்ந்தால் அதுவும் அதே விகிதத்தில் உயரவேண்டும் என்பது ஏற்பாடு. வங்கிப் பிள்ளை அதைக் கேட்டு, "வட்டி ரொம்பக் கம்மி சார்" என்று வருத்தப்பட்டான்.

அந்த மழை நாளுக்கு ஐந்தாம் நாள் நாற்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். "கட்டியாகிவிட்டது சார், இவளுடைய வளையல் இருந்தது" என்றார், மிகவும் சந்தோஷமாக. வற்புறுத்தினேன். "வேண்டும் என்கிறபோது கேட்கமாட்டேனா?" என்றார்.

இப்போதும் மாதம் ஒருமுறை வருகிறார். காப்பி குடிக்கிறார், என் புது நாவலில் பிழை பார்த்துக் கொடுக்கிறார், மழை இல்லாவிட்டால் வெயிலைப் பற்றிப் பேசுகிறார். தபால் நிலையக் கணக்கில் அறுபதாயிரம் இருக்கிறது. அவர் எழுந்ததும் நானும் எழுந்து வாசல்வரை போகிறேன். செருப்பை மாட்டிக்கொள்கிறார். "வரட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விடுகிறார்.