ஒற்றைத் திரைக்குள் ஒடுங்காதே!

கோலார் தங்கவயல் ஊரிகத்துத் தம்பியே, தங்கையே! உன் லேப்டாப்பைக் கொஞ்சம் திருப்பி அதன் விளிம்பைப் பார். வாங்கிய நாளிலிருந்து சார்ஜர் சொருகும் இடத்தைத் தவிர வேறெதையும் நீ உற்றுப் பார்த்திருக்க மாட்டாய். அந்த விளிம்பில் இன்னும் இரண்டு திரைகள் உனக்காகக் காத்துக் கிடக்கின்றன. நீயோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு மூலையில் மீட்டிங்கையும் மறு மூலையில் எக்ஸெல்லையும் திணித்து, நாளெல்லாம் ஜன்னல் மாற்றி ஜன்னல் தாவிக்கொண்டிருக்கிறாய். கேட்டால், "ஆபீஸ்ல ரெண்டு மானிட்டர் இருக்குண்ணா, நம்ம சுரங்க லைன் வீட்டுல அதெல்லாம் செட் ஆகாது" என்கிறாய். யாரைக் கேட்டு இந்த முடிவுக்கு வந்தாய்?

2001 பிப்ரவரி 28 அன்று நம் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அன்று முதல் இந்த ஊரின் பிழைப்பு ரயிலில்தான் ஓடுகிறது. விடிவதற்குள் மாரிக்குப்பத்தில் கிளம்பும் வண்டி சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று வரிசையாக நம் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகிறது. போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், திரும்பி வரவும் அவ்வளவு. கொரோனா காலத்துக்குப் பிறகு வாரத்தில் சில நாளாவது வீட்டிலிருந்து வேலை செய்யும் வாய்ப்பு நம்மில் சிலருக்குக் கிடைத்திருக்கிறது. அந்த வாய்ப்பை நழுவவிடலாமா? "வீட்டிலிருந்தால் வேலை மெதுவாகிறது" என்று மேலாளர் சொல்ல நீயே இடம் கொடுக்கலாமா?

நீ யாருடைய ஊரில் உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்துப் பார். 1902 ஜூன் மாதம், காவிரியில் சிவசமுத்திரத்து அருவியில் எடுத்த மின்சாரம் கம்பி வழியே ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கடந்து இங்கே வந்து சேர்ந்தது. அன்றைய உலகின் மிக நீண்ட மின்தடங்களில் அதுவும் ஒன்று. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல். அதற்கு மூன்று வருடம் முன்பே தங்கவயல் சுரங்கத்தின் இயந்திரங்கள் மின்சாரத்தில் ஓடின. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கமிருந்தும் வந்த நம் முன்னோர், அந்த இயந்திரங்களின் நடுவே, முடிவில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டிய சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தார்கள். அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் எந்த மணியோசைக்குக் கூண்டு ஏறும், எந்த மணியோசைக்கு இறங்கும் என்பது அத்துப்படி. அந்த வம்சத்தில் பிறந்த நீ ஒரு கேபிளைப் பார்த்து மிரளுவதா?

தன்னம்பிக்கை என்று மேடையில் கத்துகிறார்களே, அந்தக் கத்தலில் எனக்கு நம்பிக்கை கிடையாது. தன் கையில் இருக்கும் பொருளால் எது ஆகும், எது ஆகாது என்று தானே தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டவனின் குரல் தானாகவே நிமிரும். ஆகவே தெரிந்துகொள்.

ஹெச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் முதல் மானிட்டர் அதில். பிரச்சினையே இல்லை. இரண்டாவது மானிட்டருக்குத்தான் டைப்-சி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: எல்லா டைப்-சி போர்ட்டும் படத்தைக் கடத்தாது. சில, சார்ஜுக்கும் ஃபைலுக்கும் மட்டும்தான். போர்ட்டின் பக்கத்தில் குனிந்து பார். 'டி' எழுத்துக்குள் 'பி' நுழைந்தது போன்ற பொடிக் குறி இருந்தால், அது டிஸ்ப்ளே போர்ட் வசதி உள்ளது. தண்டர்போல்ட் 4 என்றால் இரண்டு 4கே திரைகளை அது தாங்கியே தீரவேண்டும். குறி எதுவும் இல்லையா? உடனே சோர்ந்துவிடாதே, குறி போடாத லேப்டாப்பும் உண்டு. மாடல் எண்ணைப் போட்டு, தயாரித்த நிறுவனத்தின் விவரப் பட்டியலைப் படி. பத்து நிமிட வேலை.

கடையில் "இந்த ஸ்ப்ளிட்டர் போதும், ஒன்றை இரண்டாக்கும்" என்பார்கள். வாங்காதே! ஹெச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் ஒரே படத்தை இரண்டு திரையிலும் காட்டும், அவ்வளவுதான். உனக்கு வேண்டியது வேறு வேறு படம். டைப்-சி படம் கடத்தாது என்றால் டிஸ்ப்ளே லிங்க் சிப் உள்ள டாக் வாங்கு. அது சாதாரண யுஎஸ்பி வழியாகவே திரையைக் கொடுக்கும். டிரைவர் மென்பொருள் போட வேண்டும். ஆபீஸ் லேப்டாப் என்றால் முதலில் ஐடி ஆளிடம் அனுமதி கேள். கேட்பதில் என்ன வெட்கம்? விளையாட்டுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் இந்த டாக் தோதுப்படாது. எழுத்து, எக்ஸெல், கோடிங் என்றால் தாராளம்.

மெஷினுக்கும் எல்லை உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். ஆப்பிளின் எம்1, எம்2 சிப் போட்ட மேக்புக் ஏர் நேரடியாக ஒரு வெளித்திரையைத்தான் ஏற்கும். எம்3 ஏர், மூடியை மூடி வைத்தால் இரண்டு. எம்4 ஏர், திறந்தபடியே இரண்டு. இதை அறியாமல் இரண்டாவது மானிட்டரை மாட்டி, எரியவில்லை என்றதும் "எனக்கு டெக்னிக்கல் வராது" என்று தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்! அது மெஷினின் எல்லை. அதை ஏன் உன் தலைமேல் தூக்கிப் போட்டுக்கொள்கிறாய்?

காசில்லை என்கிறாயா? புது மானிட்டர் எதற்கு? பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஆபீஸ்கள் கழித்துவிட்ட மானிட்டர்கள் கிடைக்கும். பழைய நீலத்தலை விஜிஏ மட்டும் உள்ளதானாலும் வாங்கு. ஹெச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் போட்டால் போதும். திசையைச் சொல்லிக் கேள். விஜிஏ-விலிருந்து ஹெச்டிஎம்ஐ-க்குப் போகும் இன்னொன்று உண்டு, அது உனக்கு உதவாது. கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்கு.

இப்போது மாட்டு. விண்டோஸ் பட்டனோடு 'பி'யை அழுத்து, எக்ஸ்டெண்ட் என்பதைத் தேர்ந்தெடு. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1, 2, 3 என்று கட்டங்கள் தெரியும். மேசைமேல் திரைகள் நிற்கும் வரிசையிலேயே கட்டங்களை இழுத்து வை. இல்லாவிட்டால் வலப்பக்கம் தள்ளிய மவுஸ் இடப்பக்கத்தில் போய் முளைக்கும். 4கே திரையில் மவுஸ் தத்தித் தத்தி நகர்ந்தால், அங்கே படம் நொடிக்கு 60 முறைக்குப் பதில் 30 முறைதான் மாறுகிறது என்று பொருள். பெரும்பாலும் பழைய கேபிளோ, பழைய டாக்கோதான் காரணம். திரை எரியவே இல்லையா? முதலில் கேபிளை மாற்று, பிறகு போர்ட்டை மாற்று, பிறகு மானிட்டரில் எந்த இன்புட் என்று பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிடுங்கி மாட்டினால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது. கரண்ட் போகும் ஊர் நம்முடையது. லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, மானிட்டருக்குக் கிடையாது. சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்துக்கொள்.

உன் மேசையில் மூன்று திரையும் எரிந்த பிறகு பக்கத்து லைனுக்குப் போ. அங்கே ஒரு தங்கை ஒற்றைத் திரையில் திண்டாடிக்கொண்டிருப்பாள். நீ மாட்டிக் கொடுத்துவிட்டு வராதே. கேபிளை அவள் கையில் கொடு. குனிந்து அந்தப் பொடிக் குறியை அவளே கண்டுபிடிக்கட்டும்.