ஒரு நாள் தீர்ப்பு

தோற்றவனுக்கு இன்னொரு நாள் கொடுக்க வேண்டுமா, கூடாதா? நல்லம்பள்ளி வாரச் சந்தையில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. இன்று விலை போகாத ஆட்டை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அடுத்த வாரம் அது மறுபடியும் சந்தைக்கு வருகிறது. போன வாரம் போகாத ஆடு என்று யாரும் அதற்கு முத்திரை குத்துவதில்லை.

ஊரை ஒட்டிப் போகும் சாலையிலேயே பெங்களூர் போய்ச் சேர்ந்தால், அங்கே வேறொரு நியாயம் நடந்திருக்கிறது. யுத்தம் முடிந்த கையோடு, 1946-47-ல், சந்தோஷ் கோப்பைக்கான தேசியக் கால்பந்துப் பந்தயம் அந்த நகரத்தில் நடந்தது. பெயரைக் கேட்டு இது ஏதோ மகிழ்ச்சிக் கோப்பை என்று எண்ணிவிடாதீர்கள். சந்தோஷ் என்பது வங்காளத்து ஜமீன் ஒன்றின் பெயர். அதன் மகாராஜாவின் நினைவாக 1941-ல் தொடங்கிய பந்தயம் இது. அந்நாளில் நாக்-அவுட் முறைதான். ஓர் ஆட்டத்தில் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பதினாறு அணிகள் வந்தால், முதல் சுற்றோடு எட்டு அணிகள் ரயிலேறிவிடும். இரண்டு நாள் பயணம், ஓர் ஆட்டம், மறுபடி இரண்டு நாள் பயணம்!

பெங்களூரில் இறுதி ஆட்டத்தில் மைசூரும் வங்காளமும் மோதின. கோல் விழவில்லை. மறுபடியும் ஆடினார்கள், மைசூர் 2-1 என்று வென்றது. சமமாக நின்றவர்களுக்கு இன்னொரு நாள் உண்டு, ஒரே ஒரு கோலில் பின்தங்கியவனுக்கு இல்லை. ஒரு நாள் போதாது என்பதை அந்த முறையே பாதி ஒப்புக்கொள்கிறது அல்லவா?

1954-ல் ஸ்விட்சர்லாந்தில் நடந்த உலகக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுகளாகத் தோல்வி காணாத ஹங்கேரி, குழு ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியை 8-3 என்று துவைத்து எடுத்தது. நாக்-அவுட்டாக இருந்திருந்தால் ஜெர்மானியர் அன்றைக்கே ஊர் திரும்பியிருப்பார்கள். குழு முறை அவர்களுக்கு இன்னொரு நாள் கொடுத்தது. பெர்ன் நகரத்து இறுதி ஆட்டத்தில் அவர்களே 3-2 என்று ஹங்கேரியை வென்றார்கள். ஹங்கேரிக்கோ அதற்குமேல் நாள் இல்லை.

விளையாட்டில் இதை நான் குறை சொல்லமாட்டேன். மைதானத்துக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வேண்டும். எங்காவது முடித்தாக வேண்டும். மேலும் அந்தக் கோப்பை யார் சிறந்தவர் என்று கேட்பதில்லை, யார் வென்றார் என்றுதான் கேட்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் நாம்தான். வேலைக்கான நேர்காணலும் பெண் பார்க்கும் சடங்கும் நம் கையில் நாக்-அவுட் ஆகிவிட்டன. நுழைவுத் தேர்வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மறுபடி எழுதச் சட்டம் இடம் தருகிறது, வீடு தருவதில்லை. "இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன்" என்று ஒரு பெண் வாய் திறந்தால், "போன தடவைதான் பார்த்தோமே" என்று ஆரம்பிக்க எந்த வீட்டிலும் ஒரு சித்தப்பா இருப்பார். எட்டு கோல் வாங்கிய அன்று இரவு ஜெர்மானியர்களுக்கு அப்படியொரு சித்தப்பா வாய்த்திருந்தால், பெர்ன் மைதானத்தை அவர்கள் எட்டிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.