எறும்பும் ஊகமும்

நாளந்தாவில் புத்தரோடு வாதாட வந்த உபாலி, மகாவீரரின் சீடர். உடலால் செய்வதே கனத்த வினை என்பது அவர் கட்சி. மனத்தால் செய்வதே என்பது புத்தர் கட்சி. நடக்கும்போது தெரியாமல் மிதிபடும் சிற்றுயிர்கள் பற்றி புத்தர் கேட்க, எண்ணாமல் செய்ததை எங்கள் குரு பெருங்குற்றம் என்பதில்லை என்று உபாலி விட்டுக்கொடுக்கிறார். எண்ணமே கனம் என்றாகிவிட, அவர் வாதம் சரிகிறது. பிரவுசருக்குள் ஸ்கேன் படம் காட்டும் நிரல் எழுதிப் பிழைக்கும் நான், விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

காரணம், 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர் என்ற பிராசசர் ஓட்டை. கேட்ட எண் அட்டவணைக்குள் அடங்குமா என்ற சோதனை முடியும்வரை பிராசசர் காத்திருப்பதில்லை. அடங்கும் என்று ஊகித்து அடுத்த வேலையைச் செய்துவிடும். ஊகம் தப்பினால் செய்ததை ரத்து செய்யும். கணக்குப்படி அந்தச் செயல் நடக்கவே இல்லை. ஆனால் போகிற போக்கில் தொட்ட தரவு கேஷ் என்ற வேக நினைவகத்தில் தங்கிவிடுகிறது. தொட்ட இடத்தை மறுபடி படிக்கச் சில நானோ விநாடி போதும், தொடாத இடத்துக்கு நூறளவு ஆகும். இந்த வித்தியாசத்தை அளந்தே, எங்கிருந்தோ வந்த ஜாவாஸ்கிரிப்ட், பார்க்கக்கூடாததைப் படித்துவிடலாம்.

பிராசசருக்கு எண்ணமும் இல்லை, செயலும் ரத்து. அப்படியும் பலன் நிற்கிறது. (சிலிக்கானுக்கு வினைக்கொள்கையா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, பலனை அனுபவிப்பது மனிதர்கள்தானே.)

பிரவுசர்காரர்கள் முதலில் கைவைத்தது கடிகாரத்தில். ஃபயர்பாக்ஸ் தன் நேர நுணுக்கத்தை 20 மைக்ரோ விநாடியாக மழுக்கியது. திரெட்டுகள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு அரே பஃபரும் போயிற்று: ஒரு திரெட் அதில் சும்மா எண்ணிக்கொண்டிருந்தால் இன்னொன்றுக்கு அதுவே கடிகாரம். என் நிரலின் வேகமும் அதோடு போனது. எனக்கு எரிச்சல் அதில் மட்டுமல்ல. அளப்பதைத்தான் கெடுத்தார்களே தவிர, கேஷில் விழும் சுவடு அப்படியே இருந்தது.

அடுத்து வந்த வழி எனக்குப் பிடித்திருந்தது. குரோம் ஒவ்வொரு இணையதளத்தையும் தனி பிராசஸில் வைத்தது; எட்டிப் படிக்க அடுத்த தளத்தின் தரவு அங்கே இருக்காது. மெமரிச் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடியது. மயிற்பீலியால் தரையைப் பெருக்கிவிட்டுக் காலெடுத்து வைக்கும் சமணத் துறவியின் முறை இது. கால் தவறும் என்பதை ஏற்றுக்கொண்டு, மிதிபட எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது.

இன்று ஷேர்டு அரே பஃபர் வேண்டுமென்றால் பக்கத்தைத் தனிமைப்படுத்தும் இரண்டு ஹெட்டர்களை எங்கள் சர்வர் அனுப்பியாக வேண்டும். அவற்றைக் கண்டிப்பான அமைப்பில் அனுப்பினால், அனுமதி தராத வேறு சர்வரின் படம் பக்கத்தில் ஏறாது. மூன்றாம் ஆள் தந்த ஒரு சின்ன லோகோகூட அப்படி நின்றுபோனது. பிராசசரிடம் ஊகிப்பதையே நிறுத்தச் சொல்லலாம்தான். ஆனால் அப்படி மந்தமாகிப்போன பிராசசரை நானே வாங்க மாட்டேன். லோகோவை எங்கள் சர்வருக்கே மாற்றிக்கொண்டோம்.