பகடை உரைத்த விடை

விளையாட்டில் செய்த கொலைக்கு மனச்சான்று விடை கூற வேண்டுமோ? வேண்டியதில்லை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். சதுரங்கத்தில் குதிரையை வெட்டியதற்காக எவரும் வருந்துவதில்லை அல்லவா?

2011 டிசம்பரில் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்' என்னும் இணைய விளையாட்டு அவ்வெண்ணத்தைக் கலைத்தது. எண்வகைப் பாத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக்கதை. உரையாடலில் நாம் தேரும் விடைக்கேற்ப ஒளியின் பக்கமோ இருளின் பக்கமோ புள்ளிகள் சேரும். பலர் கூடி ஆடுகையில், எவர் விடை கதையில் ஒலிப்பது என்பதைப் பகடைபோல் விழும் எண் முடிவு செய்யும். புள்ளிகளோ அவரவர் தேர்ந்தபடியே அவரவரைச் சேரும்.

'பிளாக் டாலன்' என்னும் கப்பலில் ஒரு கட்டம். மேலிடத்து ஆணைக்குப் பணிய மறுக்கிறார் கப்பல் தலைவர். அவரைக் கொல்வதா, விடுவதா? விடுக என்றேன் நான். முன்பின் அறியாத தோழர் ஒருவர் கொல்க என்றார். எண் அவர் பக்கம் விழுந்தது. தலைவர் மாண்டார், எனக்கு ஒளிப் புள்ளிகள் வந்தன!

நிய்யத்தைக் கொண்டன்றோ கணக்கு என்று அக்கணம் மகிழ்ந்தேன். பின்னர்தான் உறுத்தியது. கொன்றவரோடு கூடியே தொடர்ந்து சென்றேன். இறுதியில் கிடைத்த பொருளிலும் பங்கு பெற்றேன். கூட்டத்தை விட்டு விலக ஒரு பொத்தானே போதும். அதை நான் நினைக்கவும் இல்லை.

மாண்டவர் திரையில் தோன்றிய வெறும் உருவம்தான். எனினும் அவ்விரவு என் நினைவுக்கு வந்தது வேறொரு கூட்டம். எளிய ஊழியர் ஒருவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். என் மறுப்பைக் குறிப்பேட்டில் பதியச் செய்துவிட்டு, அவர்களோடு அமர்ந்து தேநீர் அருந்தினேன்.