நடுவே ஓர் ஆள்

1988-ல் நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்காவின் கணவர் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் பக்கம் போயிருந்தார். வட ஆற்காட்டில் பட்டாளத்துக்கு ஆள் போவது புதிதல்ல. ஆனால் எங்கள் தெருவில் கடல் தாண்டிப் போனவர் அவர் ஒருவர்தான். இன்லண்டு லெட்டர் வந்தால் அக்கா பிரிக்க மாட்டாள், அரிசிப் பானைக்குள் வைத்துவிடுவாள். அவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் படித்துக் காட்ட வேண்டும். மாமியாரும் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே மூன்றாம் மனுஷர் இருக்கக் கூடாது என்கிறோம். அந்தத் திண்ணையில் மூன்றாம் ஆள் நான்.

முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் பிற்பாடு படித்தபோது இதே திண்ணைதான் ஞாபகத்துக்கு வந்தது. 1914 செப்டம்பர் கடைசியில் அவர்கள் மார்செய் துறைமுகத்தில் இறங்கினார்கள். 1915 மார்ச்சில், வாரத்துக்குப் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் கடிதங்கள் வரை எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதினார்கள் என்பது ஒரு பேச்சுக்கு. பஞ்சாபிலிருந்தும் மலைநாடுகளிலிருந்தும் போன அந்த உழவர் பிள்ளைகளில் எழுதத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். வழியில் தணிக்கை அதிகாரி பார்த்தார். ஊரில் படிக்கத் தெரிந்த யாரோ உரக்கப் படித்தார். அதுவும் பெரும்பாலும் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ வந்த கடிதமாக இருக்கும். கதவுக்குப் பின்னால் நின்று மனைவி கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இத்தனை பேரைத் தாண்டி ஒருவன் மனைவிக்கு என்னத்தைச் சொல்ல முடியும்? எருமை கன்று போட்டதா, கடன் அடைந்ததா, பையனுக்குக் காய்ச்சல் விட்டதா? ஒரு காலத்தில் இதையெல்லாம் வறட்டுச் சங்கதி என்று தள்ளிவிட்டுப் படித்தேன். கல்யாணமாகி இருபது வருஷம் ஆனபிறகு அப்படித் தள்ள முடியவில்லை. நானும் என் மனைவியும் ஒரு நாளில் பேசிக்கொள்வதில் முக்கால்வாசி கேஸ் சிலிண்டரும் பால் கணக்கும்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தணிக்கைக்காரனை ஏமாற்ற அவர்கள் சங்கேதம் வைத்தார்கள்: கருப்பு மிளகு என்றால் நம்மவர்கள், சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரர்கள். அவனுக்கு அது உடனே புரிந்துவிட்டது. ஆனால் அவன் பகுதி பகுதியாக மொழிபெயர்த்துப் படியெடுத்து வைத்ததால்தான் அந்தப் பேச்சு இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஊருக்குப் போய்ச் சேர்ந்த கடிதங்களில் அநேகம் கரையானுக்குப் போயிருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியும். அப்போதும் அவர்கள் எழுதியதைச் சொந்தப் பிரிவின் அதிகாரியே படித்துவிட்டுத்தான் அனுப்பினார். ராத்திரி மனைவியிடம் அழுததைப் படித்தவர் முன்னால் காலையில் விறைப்பாக நின்று சல்யூட் அடிக்க வேண்டும். 1942-லிருந்து வி-மெயில் வந்தது. கடிதத்தைச் சின்ன ஃபிலிமில் படம் பிடித்து அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் அச்சுப் போட்டுக் கொடுத்தார்கள். மனைவிமார் லிப்ஸ்டிக் உதட்டைத் தாளில் பதித்து அனுப்ப, சாயம் எந்திரத்தில் அப்பிக்கொண்டது. முத்தம் வேண்டாம் என்று தபால்காரர்கள் கெஞ்ச வேண்டியிருந்தது.

நம் அகப்பாட்டில் மட்டும் என்ன? வினை முடித்துப் பாசறையிலிருந்து திரும்புகிற தலைவன், மனசில் இருப்பதைத் தேர்ப்பாகனிடம்தான் கொட்டுகிறான். தலைவி பக்கம் தோழி. நடுவில் ஆள் இருந்தால் காதல் கெட்டுவிடும் என்று அந்தக் கவிகள் நினைத்ததாகத் தெரியவில்லை.

என் திண்ணைக்கே வருகிறேன். ஒரு கடிதத்தின் அடியில் மூன்று வரி இருந்தது. பன்னிரண்டு வயசுப் பையன், மாமியார் காது கேட்க, வாய்விட்டுப் படிக்கக்கூடிய வரிகள் இல்லை. காது சூடாகிவிட்டது. "இத்தோட முடிஞ்சிருச்சுக்கா" என்று மடித்தேன்.

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். படிக்கத் தெரியாதே தவிர, வரி எண்ணத் தெரியும். "கீழ இன்னும் மூணு வரி இருக்குதேடா?"

"அது விலாசம்க்கா."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பதில் எழுத உட்கார்ந்தோம். அத்தைக்கு முட்டி வலி, ஆட்டுக்குட்டி விற்ற பணம், மணியார்டர் வந்தது, எல்லாம் சொல்லி முடித்தாள். நான் பேனாவை மூடப் போனேன்.

"இருடா. விலாசம் கெடச்சுதுன்னு எழுது. அடுத்த லெட்டர்லயும் மறக்காம விலாசம் போடச் சொல்லு."