ஏற்றத்தில் கைவிடாத வலு

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர் கண் முதலில் போவது, அதில் ஒட்டியிருக்கும் எண்ணுக்குத்தான். நூறா, நூற்றிருபத்தைந்தா, நூற்றைம்பதா? எண் பெரிதென்றால் வலுவும் பெரிது என்று மனசு முடிவு கட்டிவிடும். இலங்கை மலையகத்தின் நோர்வூட் பக்கத்து ஏற்றங்கள் அந்த முடிவை ஒத்துக்கொள்வதில்லை.

பஜாஜ் டிஸ்கவரையே எடுத்துக்கொள்வோம். ஒரே பெயரில் பல எஞ்சின்கள் வந்தன. அவற்றில் 135, 150 இரண்டின் உச்ச வலுவும் ஏறத்தாழ 13 குதிரைவலுதான். ஆனால் அதை எட்ட 135 நிமிடத்துக்கு 8,500 சுற்று சுழல வேண்டும்; 150க்கு 7,500 போதும். இழுவை உச்சம் தொடுவதும் ஒன்றில் 6,500 சுற்றில், மற்றதில் 5,500 சுற்றில். இத்தனைக்கும் 150 என்று பெயர் சூட்டிய எஞ்சின் 145 சிசியைக்கூட முழுதாகத் தொடவில்லை.

இந்த ஆயிரம் சுற்று வித்தியாசம் சமதரையில் பெரிதாகத் தெரியாது. பொகவந்தலாவை வீதியை விட்டு விலகி, கல் பெயர்ந்த தோட்டத்து ரோட்டில் லயத்துக்கு ஏறும்போது தெரியும். பின்சீட்டில் அம்மா, அவர் மடியில் மாவுப் பை. கொண்டையூசி வளைவில் வேகம் செத்துவிடுகிறது. இரண்டாவது கியருக்கு இறக்கியாயிற்று. அந்த இடத்தில் எஞ்சினை எட்டாயிரம் சுற்றுக்கு விரட்ட வழியில்லை. கீழ்ச்சுற்றில் என்ன இழுவை இருக்கிறதோ, அதுதான் ஏற்றிவிடும்.

மலைக்காற்றும் தன் பங்கைக் கழித்துக்கொள்ளும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நோர்வூட் அதைவிடத் தாழ்வுதான். ஆனாலும் இங்கும் காற்று மெலிந்தே இருக்கிறது. பழைய கார்புரேட்டர் அதற்கேற்பப் பெற்றோலைக் குறைக்காது. காற்று போதாமல் எரிந்து பிளக் கறுக்கும், இழுவை தளரும்.

அப்படியானால் 150தான் சரியா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் கிடைத்தது. லீற்றர் 450 ரூபாய் விற்ற நேரம் அது. அன்றைய 1,000 ரூபாய் தோட்ட நாட்சம்பளத்தில் இரண்டு லீற்றர் வாங்கினால் மிச்சம் நூறு ரூபாய். குறைவாகக் குடிக்கும் சின்ன எஞ்சினின் அருமை அப்போது எல்லாருக்கும் புரிந்தது.

வயதான வண்டியில் எண்ணைவிட முக்கியம், அதை வைத்திருந்த கை. அனுபவமுள்ள கராஜ் பாஸ் ஒருவர் ஸ்டார்ட் பண்ணும் முன்பே எஞ்சினில் கை வைத்துப் பார்ப்பார். சுட்டால், குளிரில் இருக்கும் கோளாறை மறைக்க விற்பவர் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கக்கூடும். ஆறிய எஞ்சினை உதைத்து, சைலன்சரில் நீலப்புகை வருகிறதா என்று பார்ப்பார். டைமிங் செயின் சத்தத்துக்குக் காது கொடுப்பார். நேரத்துக்கு ஒயில் மாற்றாத 150, பொத்திப் பாதுகாத்த 135க்குப் பின்னால்தான் நிற்கும்.

ஆகவே, எது பெரியது என்று கேட்டுப் பயனில்லை. எந்த ஏற்றம், எவ்வளவு சுமை, என்ன வருமானம், யாரை ஏற்றிக்கொண்டு போகிறோம் என்று கேட்க வேண்டும். மனிதரின் வலுவையும் இப்படித்தான் அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பரீட்சையில், மேடையில், போட்டியில் ஒருமுறை தொட்ட உச்சத்தை வைத்தே ஆளை மதிக்கப் பழகிவிட்டோம். நனைந்த சரிவில் கொழுந்துச் சுமையோடு நாள்தோறும் ஏறி, பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்ணின் பலம் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. இந்த மலையகம் நிமிர்ந்தது அவளால்தான்.

உச்சத்தில் காட்டும் வலு பெயர் வாங்கித் தரும். வேகம் குறைந்து, சுமை கூடி, பாதை செங்குத்தாகும் இடத்தில் கைவிடாத வலுவே ஒரு குடும்பத்தை மேலே கொண்டு சேர்க்கும்.